சாப்பாட்டு வேளைக் கதையும் என் தொண்டையும்

தொண்டை கட்டினால் மூன்று வாரத்துக்கு மேல் சும்மா இருக்காதீர்கள். நான் மாதக்கணக்கில் இருந்தேன். சும்மா என்றால் ஒன்றும் செய்யாமல் இல்லை. சித்தரத்தை கடித்தேன், மிளகு போட்டுப் பால் குடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். "சத்தம் போட்டு வாசிச்சு வாசிச்சுத்தான் தொண்டை புண்ணாப் போச்சு" என்று என் மனைவி சரோஜா சொன்னாள். அதை நான் உடனே நம்பிவிட்டேன். நம்புவதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் நான் கடைசல் பிடிக்கிற டர்னர். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். குவார்ட்டர்ஸில் நான், சரோஜா, ஐந்து வயது மகள் மூவரும் இருந்தோம். எனக்குச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச வராது. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிந்ததும் செருப்பைத் தேடுகிற ஆள். ஆனால் கையில் அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டால் கதை வேறு. சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் ஷெட்டுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் எட்டுப் பேர் டிபன் பாக்ஸைத் திறப்போம். நான் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, வாரப் பத்திரிகையை விரித்து வாசிக்க ஆரம்பிப்பேன்.

பத்திரிகை ஒன்று, ஆள் எட்டு. யார் முதலில் படிப்பது என்று தகராறு வந்ததால் ஆரம்பித்த பழக்கம் இது. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடக்கிற சண்டையை வைத்து ஒரு தொடர்கதை அப்போது வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரருக்கு ஒரு குரல், குடித்தனக்காரருக்கு ஒரு குரல், வீட்டுக்காரரின் மனைவிக்கு மூக்கால் ஒரு குரல் என்று நான் வைத்திருந்தேன். சங்கத் தேர்தலில் முட்டிக்கொண்டு பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு பேர் அந்தக் கதைக்காக ஒரே நிழலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனால் சிரிப்பு வரும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் சிரித்தாக வேண்டும். அடுத்த தேர்தலுக்குள் ஒருவர் டப்பாவிலிருந்து மற்றவர் ஊறுகாய் எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

எனக்கு மிக அருகில் உட்காருகிறவர் வரதண்ணன். சுத்தியல் மெஷின்கள் இடிக்கிற ஃபோர்ஜ் ஷாப்பில் வேலை. மண்ணூர்பேட்டைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் அப்பா காலம் வரை அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்த குடும்பம். எங்கள் கூட்டத்தில் கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர்தான். அந்த ஷாப்காரர்களுக்கெல்லாம் காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் தலையைச் சாய்த்து, காதை என் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். வேறு யாராவது அப்படி நெருங்கினால் எனக்கு எரிச்சல் வரும். அவர் நெருங்கினால், என் குரலில் ஒரு சொல்லைக்கூட விடக் கூடாது என்று நினைக்கிறார் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

குரல் கம்மி, பிறகு உடைந்து, கடைசியில் காற்று மட்டும் வர ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். தொண்டை டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்தார். நீளமான கம்பியில் பொருத்திய காசளவு கண்ணாடியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, அதை என் தொண்டைக்குள் விட்டார். ஆவி படிந்து கண்ணாடி மங்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சூடாம். "ஈ சொல்லுங்க" என்றார். நாக்கு அவர் கையில் இருக்கும்போது எங்கே ஈ சொல்வது? ஆடு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். குரல் நாண்களில் புண் இருக்கிறது, அந்தச் சதையைக் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மார்புக்கு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும் என்றார்.

முடிவு வரும்வரை புற்றுநோய் என்றே நானும் சரோஜாவும் நினைத்தோம். இரண்டு பேரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. அவள் மட்டும் ஒரு மாதிரி நிதானமாக, நான் கேட்காமலே தினமும் ரசத்தைத் தெளிவாக இறுத்து ஊற்றினாள். காத்திருக்கும் பெஞ்சில் அவள் பையைப் பிடித்திருந்த கை வெளுத்துப் போயிருந்ததை நான் பார்த்தேன். ஆறுதல் சொல்லக் குரல் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

காசநோய் என்றார்கள். நுரையீரலின் மேல்பகுதியில் இருந்து சளி வழியாக ஏறித் தொண்டையில் புண் வைத்திருக்கிறது. "நல்ல வேளை, இது குணமாகிற நோய்" என்றார் மார்பு நோய் டாக்டரம்மா. நான் சாமி கும்பிடாத குறையாகக் கும்பிட்டேன். அடுத்த கேள்வியில் அந்த நிம்மதி போயிற்று.

"தொண்டையில இருக்கிற இந்த வகை சீக்கிரம் பரவும். பேசும்போதே பரவும். உங்க பக்கத்துல தினமும் யார் உக்காருவாங்க?"

சாப்பாட்டு வேளை பற்றிச் சரோஜா சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சத்தமா வாசிப்பீங்களா?" என்றார். தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்ததை அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி வேறு மாதிரிப் பார்க்க வேண்டியிருந்தது. கதை கேட்டவர்கள் எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று தொழிற்சாலை ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பினார்கள்.

என்னைச் சேர்த்த மருத்துவமனை பூந்தமல்லி சாலையில், சென்னீர்குப்பம் தாண்டி மரங்களுக்குள் இருந்தது. பெயர் வேண்டாம். ஓட்டுக் கூரை போட்ட நீள வார்டு, ஜன்னல்களை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். மருந்தும் சாப்பாடும் இலவசம். முட்டைக்கும் பாலுக்கும் மட்டும் சரோஜா வீட்டுச் செலவில் கைவைத்தாள். தினமும் இடுப்பில் ஒரு ஊசி, காலையில் வெறும் வயிற்றில் கைநிறைய மாத்திரை. அதில் ஒரு மாத்திரை சிறுநீரைச் செங்கல் நிறமாக்கிவிடும். முதல் நாள் ரத்தம் என்று பயந்து நர்ஸை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "எல்லாருக்கும் அப்படித்தாங்க, இதுக்கா இவ்ளோ அவசரம்?" என்று அவர் திரும்பிப் போய்விட்டார். நீங்களும் பயப்படாதீர்கள். ஆனால் உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தித் திரும்பி வந்தவர்கள் எங்கள் வார்டிலேயே இருந்தார்கள்.

என் கட்டில் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கவிட்டார்கள்: பேசக் கூடாது. கிசுகிசுப்பது இன்னும் மோசமாம், குரல் நாண் அதிகம் உரசுமாம். மகளின் பழைய சிலேட்டைச் சரோஜா கொண்டுவந்து கொடுத்தாள். எக்ஸ்ரேயில் அவளுக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை. மகளை மச்சினன் வீட்டுக்கு ரயிலேற்றி அனுப்பியிருந்தோம். வார்டில் முப்பது பேர் இருமுவார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, தெரிந்தவர்களுக்கும் சிலேட்டைப் பார்க்கிற பொறுமை இல்லை. நான் ஒரு பதில் எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். கொஞ்ச நாளில் எழுதுவதையும் விட்டேன்.

சரோஜா ஆவடியிலிருந்து பஸ் பிடித்து வாரம் இரண்டு முறை வருவாள். வாரப் பத்திரிகையும் கொண்டுவருவாள். தொடர்கதையை மனதுக்குள் படிப்பேன். குடித்தனக்காரன் வீட்டுக்காரரின் பல்செட்டை ஒளித்து வைக்கிற அத்தியாயம் வந்தது. மரத்தடியில் வாசித்திருந்தால் டிபன் பாக்ஸ் கவிழ்ந்திருக்கும். இங்கே ஒரு புன்னகைகூட வரவில்லை. எந்த இடத்தில் நிறுத்தி, யார் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போவேன் என்று எனக்குத் தெரியும். பார்க்க முகம் இல்லை. படித்து மூடிவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக இருந்தேன் என்று எழுதுவது சுலபம். வாய் ஓரத்தில் ஒரு நல்ல வரி வந்து நின்று, கொடுக்க ஆள் இல்லாமல் திரும்பிப் போகிறதே, அதுதான் என்னைக் கொன்றது.

மரத்தடி ஆட்கள் ஒருவரும் வரவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சத்துமாவு டப்பா வாங்கிச் சரோஜாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் ஆறு பேருக்கு ஒன்றுமில்லை என்று அவள் சொன்னாள். நான் சிலேட்டில் எழுதினேன்: வரதண்ணன்?

"அவர் ஒருத்தர்தான் எடுக்கலையாம். கூப்பிட்டா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு போயிடறாராம். இருமல் இருக்குன்னு மத்தவுக சொல்றாக."

போய்ச் சொல், கையைப் பிடித்து இழுத்துப் போகச் சொல் என்று எழுதினேன். அடுத்த முறையும் அதே பதில். வாயோடு காதை வைத்துக் கேட்டவர் அவர்தான். பயமா, என் மேல் கோபமா, என்ன என்று தெரியவில்லை. மற்ற ஆறு பேர் தப்பித்ததற்கு எனக்குச் சந்தோஷமே வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. எடை பார்க்கிற நாளில் டாக்டரம்மா திட்டினார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் ஸ்ட்ரெச்சர் ஒன்றை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருமலில் ரத்தம் வந்து சேர்ந்த ஆள் என்றார்கள். எதிர்க் கட்டிலில் கிடத்தினார்கள். கன்னம் ஒட்டிப்போய், சட்டை இரண்டு அளவு பெரிதாகிவிட்டாற்போல் வரதண்ணன் கிடந்தார்.

இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே எழுந்து என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இன்னா வாத்யாரே, மூஞ்ச திருப்பிகினு கீற?"

சிலேட்டை எடுத்தேன். 'என்னால்தான் உங்களுக்கு வந்தது' என்று எழுதிக் காட்டினேன். அவர் படித்தார். எச்சில் தொட்டு உள்ளங்கையால் அழித்தார்.

"யார் கண்டா? எங்க சந்துலயே நாலு ஊட்டுல கீது. கேன்டீன்ல கீது, பஸ்ல கீது. வேற எதுனா எழுது."

பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டபோது அவரும் அதைத்தான் சொன்னார். யாரிடமிருந்து யாருக்கு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு அது போதவில்லை. 'ஏன் எக்ஸ்ரே எடுக்கவில்லை?' என்று எழுதினேன்.

அவர் வார்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். சுத்தியல் மெஷினுக்கு எதிராகக் கத்திப் பழகிய குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்தார்.

"டெஸ்ட்டுன்னு உள்ள போனா மேலேர்ந்து கீழ வரைக்கும் பாப்பாங்கோ. காதையும் பாப்பாங்கோ. எனக்குக் காது மந்தம் இல்ல வாத்யாரே. சுத்தமா அவுட்டு. ரெண்டு காதும். தெரிஞ்சா வேலை போய்டும். ஊட்ல மூணு புள்ளைங்கோ கீது. அதான் இருமிகினே ஓட்டிட்லாம்னு பாத்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. எங்களோடு பேசினாரே? உதடு பார்த்துப் பேசுவாராம். ஃபோர்ஜ் ஷாப்பில் எல்லோரும் கையைக் காட்டித்தான் பேசுவார்கள், அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 'அப்படியானால் கதை?' என்று எழுதினேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியபின் சொன்னார்.

"அம்பத்தூர் ஸ்டேஷனாண்ட கடைல மொத நாளே புக்கு வந்துரும். வாங்கிகினு போய் ஊட்ல படிச்சிருவேன். நீ வாசிக்க சொல்ல உன் மூச்சு என் கன்னத்துல படும். அத வச்சி எந்த எடத்துல கீறன்னு கண்டுக்குவேன். கிட்ட குந்திகினா மந்தம்னு நெனப்பாங்கோ, செவுடுன்னு நெனக்க மாட்டாங்கோ."

எங்களுக்குள் இரண்டு வருடம் நடந்தது இதுதான். அந்த மூச்சைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. என் குரலுக்கு மயங்கி நெருங்குகிறார் என்று இறுமாந்திருந்த ஆள் நான். முன்பே படித்துவிட்ட கதைக்கு ஏன் வந்து உட்கார வேண்டும் என்று எழுதிக் கேட்டேன்.

"ஊட்ல தனியா படிக்க சொல்ல சிரிப்பே வர்ல. அதே எடத்துல நீங்கோ எல்லாம் சிரிச்சீங்கன்னா எனக்கும் வந்துரும். மெய்யாலுமே வரும் வாத்யாரே, நடிப்பு இல்ல. காது போனப்புறம் நாலு பேரோட சேந்து நான் பண்ண ஒரே வேலை அதான்."

அன்று முதல் சிலேட்டுக்கு வேலை வந்தது. நான் எழுத எழுத அவர் படித்தார். ஒரு ஆள் சொல்வது முழுசாகப் புரிந்து பல வருஷமாகிறது என்றார். வார்டில் நாங்கள் இரண்டு பேரும்தான் விடாமல் பேசிக்கொண்டிருந்தோம். வாரப் பத்திரிகை வந்தால் ஒரே பக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம், வரிக்கு அடியில் என் விரல் போகும். பல்செட்டு அத்தியாயத்தை அவருக்காகத் திரும்ப எடுத்தேன். இந்த முறை எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பேசக் கூடாது என்ற அட்டையில் சிரிப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று நர்ஸிடம் வரதண்ணனே வாதாடினார். அவர் காதைப் பற்றி டாக்டரம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஊசி காதைக் கெடுக்கக் கூடியது. வரதண்ணன் கோபப்படுவார் என்று பயந்தேன். "கெடுக்கறதுக்கு இன்னா மிச்சம் கீது?" என்றார். டாக்டரம்மா மருந்தை மாற்றிக் கொடுத்தார். அவரும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. வரதண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், எழுதிக்கொள் என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

கடைசியில் என் சளி சுத்தமானது. தொண்டை டாக்டர் மறுபடி கண்ணாடி விட்டுப் பார்த்தார். புண் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது, இனிப் பேசலாம், ஆனால் பழைய குரலை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். நான் முதலில் பேசியது சரோஜாவிடம். "சாப்பிட்டியா?" என்றேன். தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல் இருந்தது. அவள் சட்டென்று குனிந்து பைக்குள் எதையோ தேடினாள். பைக்குள் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் வரதண்ணன் வார்டு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார், இந்த ஆள் கதை வாசிப்பான், கேட்டால் வயிறு புண்ணாகும் என்று. சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் என் கட்டிலைச் சுற்றி வந்துவிட்டார்கள். எழுந்து நடக்க முடியாதவர்கள் படுத்தபடியே திரும்பினார்கள். வாசிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் குரலும் அதேதான், குடித்தனக்காரர் குரலும் அதேதான், எல்லாமே ஒரே தகரம். அரைப் பக்கம் போவதற்குள் சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனார். என் மேல் பரிதாபப்படுகிறார்கள் என்று தெரிந்ததும் பத்திரிகையை மூடிவிட்டேன். இனி எந்த மரத்தடியிலும் எனக்கு இடமில்லை என்று தோன்றியது.

வரதண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர், "இன்னாத்துக்கு நிறுத்திட்ட?" என்றார். சிலேட்டை எடுத்து எழுதினேன்: குரல் போய்விட்டது அண்ணே. கேட்கச் சகிக்கவில்லை.

அவர் படித்துவிட்டுச் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"உன் கொரலு நல்லா இருந்துச்சா? எனக்குத் தெரியாதே வாத்யாரே. நான் உன் பக்கத்துல வந்து குந்தினப்பவே எனக்குக் காது இல்ல. அப்பயும் நீ இப்டித்தான், இப்பயும் இப்டித்தான். படி. இவங்கோ சிரிக்கறத நான் பாக்கணும்."

நான் பத்திரிகையைப் பிரித்தேன். தண்ணீர் குடிக்கப் போனவர் டம்ளரோடு திரும்பி வருகிறவரை பொறுத்திருந்துவிட்டு, விட்ட வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.